ஒன்றரை சென்டிமீட்டர்

மார்ச் 3, திங்கள்

மீன் அளக்கும் பலகை உடைந்துவிட்டது. உடைத்தது நான்தான், வேறு யார்? துறைமுகப் படியில் வழுக்கி விழுந்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, பலகைக்கு மூக்கு போய்விட்டது. மீனின் வாய் முட்டி நிற்பதற்காக ஒரு முனையில் நிமிர்த்தி அடித்திருக்கும் கட்டை, அதைத்தான் மூக்கு என்போம்.

வியாழக்கிழமை வருடாந்திர அளவெடுப்பு வேறு. கடல் சூடாகி, கலவா மீன்கள் வளர்வதற்குள்ளேயே முட்டையிட்டுக் குட்டையாக நின்றுவிட்டன என்று பக்கத்துப் பாறைத்திட்டில் மீன்பிடிப்பை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. வருடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு படகு போய் இருநூறு மீன் கொண்டுவரும். ஆராய்ச்சி நிலையத்துக்காக நான் அளப்பேன். சராசரி முப்பத்திரண்டு சென்டிமீட்டரைத் தொட்டால் திட்டைத் திறப்பார்கள். போன வருடம் முப்பது புள்ளி ஆறு.

திறந்தால் வீட்டுக்காரர் காலையில் போய் மதியம் வந்துவிடுவார். இப்போது தூரக்கடலுக்குப் போனால் நாலு நாள். அவர் எதிரில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டது எப்போது? இதையெல்லாம் வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நாற்பத்திரண்டு வயதில் என்ன ஆசை பார்!

மார்ச் 4, செவ்வாய்

அவரே புது மூக்கு அடித்துக் கொடுத்தார். படகு வேலையில் மிஞ்சிய தேக்குக் கட்டை. "இனிமே நீ விழுந்தாலும் இது உடையாது."

"அப்ப நான் உடைஞ்சா பரவாயில்லையா?"

"நீ எங்க உடையப்போறே? நீ உடைக்கிற ஆளு."

மார்ச் 6, வியாழன்

முப்பத்திரண்டு புள்ளி ஐந்து!

இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். முப்பத்திரண்டு புள்ளி ஐந்து!

ஆராய்ச்சி நிலையத்துக் கண்ணாடி மேடம் மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னால நம்பவே முடியல" என்றார். நான் நம்பினேன். முழுசாக நம்பினேன்.

மார்ச் 7, வெள்ளி

எனக்குத் தலைகால் புரியவில்லை. படகுச் சங்கத் தலைவருக்கு வாயெல்லாம் பல். போன மாதம்வரை "இந்தம்மா அளந்து அளந்தே நம்ம பொழப்பக் கெடுக்குது" என்றவர், இன்று தன் நாற்காலியை எனக்குப் போட்டார். நானும் கூச்சமே இல்லாமல் உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரர் படகுக்குச் சாயம் பூச ஆரம்பித்துவிட்டார். நீலம். பாட்டு வேறு. சுதியும் இல்லை, வார்த்தையும் சரியில்லை. அதனாலென்ன, பாடட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

கழுவிக் காயவைத்த பலகையை வைத்துக்கொண்டு நானும் மகளும் காலையிலிருந்து ஆட்டம். வீட்டிலுள்ளதையெல்லாம் அளந்தோம். கரண்டி, சீப்பு, கையைப் பிறாண்டிய பூனையின் வால். அப்பாவின் செருப்பை வைத்துவிட்டு மகள் கத்தினாள்: "அம்மா, அப்பா காலும் வளர்ந்திருக்கு!" விழுந்து விழுந்து சிரித்தோம்.

அப்புறம் தன் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்தாள். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல்.

"ஸ்கேலும் வளர்ந்திருக்கும்மா."

முப்பத்தொன்றரை காட்டியது.

தூக்கிவாரிப் போட்டது. புது மூக்கு தடிமன். பழையது நின்ற இடத்தைத் தாண்டி ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே வந்து, பூஜ்யத்தை மூடிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு மீனும் ஒன்றரையிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. இருநூறு மீனும்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா? மீனை அளக்கத் தெரிந்தவளுக்குப் பலகையை அளக்கத் தெரியவில்லையே. மண்டு.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? கட்டையைப் பிடுங்கிப் போட்டால் போயிற்று. சொன்னால் என்ன பேசுவார்கள்? புருஷன் படகு போகணும்னு ரெண்டு பேருமா சேர்ந்து பண்ணிட்டாங்கன்னு சொல்லுவாங்க. சொல்லாம இருப்பாங்களா? ஆனா அந்தக் குட்டை மீனையெல்லாம் வாரிட்டு வந்துட்டா, அப்புறம் அந்தத் திட்டுல என்ன மிஞ்சும்?

சாயந்திரம் படகடிக்குப் போய் அவரிடம் சொன்னேன். கையில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றார்.

"நல்லா உறுதியா இருக்கட்டும்னுதான் தடிமனா எடுத்தேன்" என்றார். அங்கேதான் எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

பிரஷ்ஷைச் சாய டப்பாவில் போட்டுவிட்டு, "போய் சொல்லிடு. நானும் வர்றேன்" என்றார்.

மார்ச் 10, திங்கள்

சொல்லிவிட்டோம். மேடம் பலகையைப் பார்த்தார், ஸ்கேலைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். பேனாவை எடுத்து ஒன்றரையைக் கழித்தார். முப்பத்தொன்று.

திடீரென்று குதித்தார்! "போன வருஷத்தவிட நாலு மில்லிமீட்டர் அதிகம்! தண்ணி இவ்வளவு சூடா இருந்தும் வளர்ந்திருக்கு! இதைத்தான் என்னால நம்ப முடியுது!" என்று என்னை மீன் கவிச்சியோடு கட்டிப்பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துத் தொலைத்தேன்.

சங்கத் தலைவர் நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

கூட்டம். எதிர்பார்த்த பேச்செல்லாம் கேட்டாயிற்று. "வேணும்னே அடிச்ச கட்டைதானே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தலைவர் எழுந்து, "ஒரு சென்டிமீட்டர்தானே குறையுது, நாம கேட்டா திறந்துடுவாங்க. இன்னும் ஒரு வருஷம் யாரால தாங்க முடியும்?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். எனக்கே தாங்கவில்லையே.

இன்னும் ஒரு வருடம் மூடியிருக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். ஒன்பது படகுக்காரர்கள். ஒரு கையும் எழவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

முதல் கை எழுந்தது. நகக்கண்ணெல்லாம் நீலச் சாயம்.

"கட்டை நான் அடிச்சதுதான். தப்புன்னு சொன்னது இவ. சொல்லலைன்னா எனக்குத்தான் லாபம், திட்டு திறந்திருக்கும். முப்பத்தொண்ணுன்னா முப்பத்தொண்ணுதான்."

அப்புறம் ஒன்றொன்றாக. மொத்தம் ஐந்து. அத்தனை பேர் நடுவில் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முறைத்துப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

தூரக்கடலுக்குப் போய்விட்டார். புது நீலம் ரொம்ப தூரம்வரை தெரிந்தது.

மார்ச் 12, வியாழன் (மறு வருடம்)

முப்பத்திரண்டு புள்ளி ஒன்று. குதிப்பதற்கு முன்னால் ஆறு முறை ஸ்கேல் வைத்துப் பலகையைச் சரிபார்த்தேன். தலைவர் சொந்த ஸ்கேலோடு வந்து ஏழாவது முறை பார்த்தார். பிறகு இருவரும் குதித்தோம்.

ஏப்ரல் 2, வியாழன்

திட்டு திறந்து முதல் நாள். பன்னிரண்டரை மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். இந்த நேரத்தில் யார் என்று எட்டிப் பார்க்கிறேன், அவர்! சட்டைப் பையில் மகளின் ஸ்கேல் துருத்திக்கொண்டிருக்கிறது. பிடித்த மீனையெல்லாம் படகிலேயே அளந்தாராம்.

ஓடிப்போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தேன். பழக்கதோஷம், எனக்கும் மகளுக்கும் மட்டுமே வைத்திருக்கிறேன்.

"ஊருக்கெல்லாம் அளக்கிறே, வீட்டுல அளவு தப்பிடுச்சே" என்று சிரித்தார். என் தட்டிலிருந்தே இருவரும் சாப்பிட்டோம்.

நாளையிலிருந்து மூன்று பேருக்கு.