முன்சக்கர நட்டில் ஒரு பட்டை

முந்திக்கொண்டு போன என் மச்சான் ஏழுமலைக்கு, பாசத்தோடும் பாதிக் கோபத்தோடும் மாமா எழுதுவது.

என்னைவிட ஏழு வயது சின்னவன் நீ. என்னைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய உன்னை, போன ஆடியில் நான் தூக்கிக்கொண்டு போனேன். அந்தக் கோபம் ஏற்கெனவே இருக்கிறது. இந்த ஆவணியில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது.

இதை நம் பகுதியில் மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போடுகிறார்களே, அந்தப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்கும் உனக்கும் உள்ளதை ஊர் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பாய். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் முத்தாபுதுப்பேட்டை டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் உன்னைத் திட்டினேன். மீதிப் பேச்சும் பத்துப் பேர் முன்னால்தான் நடக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் அந்தப் பத்தில் இப்போது நாலு பேர்தான் இருக்கிறார்கள். மற்றவர்களுக்காக அவர்கள் பிள்ளைகள் படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

ராணுவத்தில் கழித்த ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. எங்கள் நிலமெல்லாம் மனையான பிறகு, டீசல் பம்பை அதன் பின்னால் மாட்டிக்கொண்டு போய், மழைக்காலத்தில் அடுக்குமாடி வீடுகளின் அடித்தளத்தில் தேங்கும் தண்ணீரை இறைத்துப் பிழைத்தவன் நான். அந்த வண்டியின் வேலையை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கழற்றினேன். மாட்டினேன். மீந்துபோன சாமான்களைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கழற்றினேன். அப்படித்தான் கற்றேன்.

வாங்கிய முதல் மாதம் நானே முன்சக்கரங்களுக்கு கிரீஸ் வைத்து மாட்டினேன். அன்று சாயங்காலம் ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற ரோட்டில் நாம் இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தோம். நட்டு தளர்ந்து, இடப்பக்க முன்சக்கரம் கழன்று, நமக்கு முன்னால் தனியாக ஓடியது. வண்டி மூக்குக் குப்புற நின்றது. நீ முன்சீட்டில் உட்கார்ந்தபடியே சொன்னாய்:

“மாமா, அது வழி தெரிஞ்சினு ஊட்டுக்குப் போவுது. நாம எப்டிப் போறது?”

அன்று முடிவு செய்தேன். என் வண்டியில் தளர்வு என்ற பேச்சே இருக்கக் கூடாது. அதிலிருந்து வருஷாவருஷம் மழைக்கு முன்னால், ஆவணியில் ஒரு சனிக்கிழமை, இரண்டு முன்சக்கரத்தையும் கழற்றுவேன். சக்கரத்தின் நடுவே ஹப்புக்குள் இருக்கிற பேரிங்குகளுக்குப் புது கிரீஸ் வைப்பேன். ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி, நட்டு இனிமேல் நகராது என்கிற வரைக்கும் இறுக்குவேன்.

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நீ. இரண்டாவது வருஷம் இதைப் பார்த்துவிட்டு டீக்கடையில் வாய் விட்டாய்.

“இம்மாந் டைட்டு ஆவாது மாமா. ஃபுல்லா இறுக்கிட்டு, ஒரு பட்டை லூஸ் வுடணும்.”

நட்டுக்கு ஆறு பட்டை. அதில் ஒரு பட்டை அளவு பின்னால் திருப்பிவிட வேண்டும் என்கிறாய். சக்கரம் ரோட்டில் ஓடியதை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்த ஆளும் நீதான். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

“கம்பெனில சம்பளத்துக்கு நட்டு முடுக்கறவன் நீ, எனுக்குச் சொல்லித் தர்றியா? இனிமே என் சக்கரத்துல உன் கை பட்டுச்சி, உனுக்கும் எனுக்கும் பேச்சு இல்ல, பாத்துக்கோ!”

நீ டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தாய். “சரி மாமா. உன் வண்டி, உன் இஷ்டம்.”

அதற்கப்புறம் அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்த பிறகு உன்னைச் சீண்டுவேன். “பாத்தியாடா, என் சக்கரம் உருகிப் பூட்ச்சா?” நீ சிரிப்பாய். எத்தனை வருஷம் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன்! ஒரு தடவையாவது அது என்ன சிரிப்பு என்று யோசித்திருப்பேனா?

நீ போன அடுத்த மாதமும் வழக்கம்போல கிரீஸ் வைத்து இறுக்கினேன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. முகப்பேரில் உன் வீடு தரைத்தளம் ஆயிற்றே. உன் பொண்டாட்டி வசந்தா தனியாக இருக்கிறாளே என்று நான் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். உன் படத்தைப் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

வானகரம் தாண்டவில்லை. இடப்பக்க முன்சக்கரத்தில் புகை. கருகிய கிரீஸ் நாற்றம். பிறகு சக்கரம் இறுகிப்போய் நின்றேவிட்டது. முட்டிவலிக்காரி, முழங்கால் தண்ணீரில், உன் படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோ கிடைக்கிற இடம் வரைக்கும் நடந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி ஆறியிருப்பேன்.

வண்டியை இழுத்து வந்து தார்ப்பாய் போட்டு மூடினேன். கிரீஸ் கலப்படம் என்று எல்லோரிடமும் சொன்னேன். நானும் அதையே நம்பினேன்.

இந்த ஆடியில் உன் வருஷ திதிக்கு எல்லோரும் கூடியபோது வசந்தாவிடம் சொன்னேன். “வர்ற மழைக்குள்ள வண்டிய ரெடி பண்ணிட்றேம்மா. தண்ணி வந்துச்சினா நானே வந்து இட்டாந்துட்றேன்.”

இலை போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “வாணாம்ணே. அவுரு கை படாத சக்கரத்துல நான் ஏற மாட்டேன்.”

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. உன் கை என் சக்கரத்தில் எப்போது பட்டது? இருபத்திரண்டு வருஷமாகப் படவே இல்லையே! செத்தவனைப் புகழ்வதற்காக இருக்கிறவனை இப்படியா குத்துவது? நான் செய்து காட்டுகிறேன், அவளை அதே சக்கரத்தில் ஏற்றிக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு வந்தேன்.

ஆவணி பிறந்ததும் தார்ப்பாயை எடுத்தேன். ஜாக்கி போட்டு, இடப்பக்க மூடியைக் கழற்றி, நட்டில் ஸ்பானரைப் போட்டால் அசையவில்லை. குழாய் செருகினேன், அசையவில்லை. சுத்தியலால் அடித்தேன். என் வயதுக்குச் செய்யக் கூடாத வேலையெல்லாம் செய்த பிறகு வந்தது. அப்போதே எனக்கு ஒன்று உறுத்தியது. முந்தைய வருஷங்களில் இந்த நட்டு எவ்வளவு சுலபமாகக் கழன்றது! நம் கைப்பக்குவம் அப்படி என்று அல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஹப்பை உருவினால் உள்ளே பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்து கிடக்கிறது. அது சிக்கிக்கொண்டு, தன் வெளிவளையத்தையும் சேர்த்துச் சுழற்றி, ஹப்பின் உள்வட்டத்தையே தேய்த்து அகலமாக்கிவிட்டது. வலப்பக்கமும் கிட்டத்தட்ட அதே கதிதான். இரண்டையும் சாக்கில் போட்டுக்கொண்டு அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிற மூர்த்தியிடம் போனேன். அவன் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தான்.

“இத்த ஒண்ணும் பண்ண முடியாது நைனா. வேற ஹப்புதான். யாரு இவ்ளோ இறுக்குனது? பேரிங்கு மூச்சு வுட வாணாமா?”

“இருபத்திரண்டு வர்ஷமா நான் இப்டிதான் இறுக்கறேன். ஒண்ணும் ஆவல.”

மூர்த்தி பீடியை வாயிலிருந்து எடுத்தான். “ஆவாம இருக்காது. அப்டினா இருபத்திரண்டு வர்ஷமா எவனோ உன்ன நல்லா ஏமாத்தினு இருந்துகீறான்.”

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் திட்டிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் திருமுல்லைவாயல் தாண்டும்போது அந்தச் சொல் என்னோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். கஸ்தூரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைவது நின்றது.

“இன்னா பாக்கற? எவன் என்ன ஏமாத்தினான், சொல்லேன்” என்றேன்.

“உன் மச்சாந்தான்.”

“இன்னாது?”

“வர்ஷத்துல ஒரு ஞாயித்துக்கெழம. நீ சனிக்கெழம சக்கரத்த மாட்டுவ. மறுநா காலைல பைய எடுத்துகினு கறி வாங்கப் பூடுவ. கறிக்கடையில எலும்பு ஜாஸ்தி, கொழுப்பு ஜாஸ்தினு நீ சண்ட போட்டுட்டு வர்றதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆவும். அவன் ஸ்கூட்டர பின்தெருவுல வுட்டுட்டு வருவான். ரெண்டு சக்கரத்தையும் தூக்கி, லூஸ் வுட்டுட்டு, மூடிய தொடச்சி மாட்டிடுவான். நான் வாசல்ல நின்னு பாத்துப்பேன்.”

“எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

“சொன்னா கேட்டுருப்பியா நீ?”

மச்சான், கேட்டிருக்க மாட்டேன். அது உண்மை. குழாயை இன்னும் நீளமாக வாங்கி வந்து இறுக்கியிருப்பேன்.

அப்போது அந்தச் சீயக்காய் ஞாபகம் வந்தது. நான் கறிப்பையோடு திரும்பும்போது நீ வாசற்படியில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். கையெல்லாம் சீயக்காய் வாசனை அடிக்கும். “ஆம்பள சனிக்கெழம தல முழுவணும். இவன் ஞாயித்துக்கெழம முழுவினு வரான் பாரு, மொற தெரியாதவன்” என்று உன்னைத் திட்டுவேன். உன் தலை காய்ந்து கிடந்ததை ஒரு தடவையாவது பார்த்தேனா? கிரீஸ் போகச் சீயக்காய்ப்பொடி போட்டுக் கை தேய்த்தவனைத்தான் முறை தெரியாதவன் என்றேன். நீயும் “மறந்துட்டேன் மாமா” என்று தலையைச் சொறிந்தாய்.

பாவி, எவ்வளவு நடிப்பு! என் வீட்டு வாசலில், என் பொண்டாட்டியைக் காவல் வைத்து, என் ஜாக்கியைக் கொண்டே என்னை ஏமாற்றியிருக்கிறாய். இது ஒரு மனுஷன் செய்கிற வேலையா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிப் பார்த்திருக்கலாமே? நான் கேட்டிருக்க மாட்டேன்தான். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

இரண்டு நாள் வண்டிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாளிலிருந்து பழைய ஸ்பேர் கடைகளில் அலைந்து, தேயாத ஹப் ஒரு ஜோடி பிடித்தேன். புது பேரிங்குகளை உள்ளங்கையில் வைத்து, கிரீஸை அழுத்தி அழுத்தி நிரப்பினேன். ஹப்பை ஏற்றி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கினேன். சக்கரம் கனத்து நின்றது. என் கணக்குப்படி வேலை அங்கே முடிந்தது.

ஸ்பானரைத் திருப்பிப் போட்டேன். கை போகவில்லை மச்சான். ரோட்டில் தனியாக ஓடிய சக்கரம்தான் கண்ணில் தெரிகிறது. கஸ்தூரி வாசலில் வந்து நின்றாள். “உள்ள போ, தெரியும் எனுக்கு” என்றேன். ஒரு பட்டையில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்த அளவு பின்னால் திருப்பினேன். அது மேலும் தளராமல் பூட்டு நட்டைப் போட்டேன். பிறகு சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினேன். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பேரிங்குகள் இப்படிச் சுற்றி நான் பார்த்ததே இல்லை. நீ பார்த்திருக்கிறாய்.

மறுநாள் முகப்பேருக்கு ஓட்டிப் போனேன். பூந்தமல்லி ரோட்டில் இப்போது தூண்களுக்கு மேலே ரயில் விட்டுப் பார்க்கிறார்கள். நீ இருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கழுத்து வலிக்கப் பார்த்திருப்பாய். நான் நிறுத்தவில்லை. பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி ஹப்பைத் தொட்டேன். கை வைக்கிற சூடுதான்.

வசந்தா கேட் அருகே வந்தாள். வண்டியைப் பார்த்தாள். முன்சக்கரத்தைப் பார்த்தாள்.

“யாருண்ணே மாட்டனது?”

“நாந்தான்.”

“எவ்ளோ வுட்டீங்க?”

“ஒரு பட்டை.”

அவள் உள்ளே போய் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, நீ உட்காரும் அந்த முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“ஊட்டுக்குப் போலாம்ணே. அண்ணிய பாத்து நாளாச்சி.”

வானகரத்தில் அந்த இடம் வந்தபோது அவள் வெளியே எட்டிச் சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தாள். புகை இல்லை.

ஆகையால் ஊர் அறியச் சொல்கிறேன். நட்டு விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. மற்ற விஷயங்களில் நான் சொன்னதுதான் சரி. உன் மகள் கல்யாணத்துக்குப் பிடித்த மண்டபம் சின்னதுதான், அதில் மாற்றமில்லை.

மழை வந்தால் முதல் நடை உன் வீட்டுக்குத்தான். அதற்கப்புறம்தான் பம்பு. இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. இன்னொன்றும் இருக்கிறது. இனி ஒவ்வொரு ஆவணியிலும் சனிக்கிழமை நானே இறுக்கி, நானே ஒரு பட்டை விட்டு மாட்டுவேன். ஆனாலும் ஞாயிறு காலையில் ஜாக்கியையும் ஸ்பானரையும் முன்சக்கரத்தின் பக்கத்திலேயே வைத்துவிட்டுத்தான் கறி வாங்கப் போவேன். சீயக்காய்ப்பொடி குழாயடியில் இருக்கும். நான் விட்டது சரியா என்று நீ பார்த்துக்கொள்.

அவசரப்படாதே. மெதுவாகத்தான் திரும்பி வருவேன்.

உன் அக்காவைக் கட்டியவன், நீ சொல்லிக் கேட்காத உன் மாமா.