விழுந்தாலும் உடையாத கேமரா

என் வாயாடிக்கு,

நீயும் பிள்ளையும் சுகம்தானே? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? எனக்கு அலுப்பைத் தவிர ஒரு குறையும் இல்லை. போன வாரம் கட்டடச் சாரத்திலிருந்து கொஞ்சம் சறுக்கியதில் கணுக்கால் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கேட்டபோதெல்லாம் சேஃப்டி பெல்ட் தராத மேஸ்திரி, விழுந்ததும் "ஏன்டா பெல்ட் மாட்டலை?" என்று கத்துகிறான். அது கிடக்கட்டும்.

நீ கேட்ட கேமராவை வாங்க அறைத்தோழன் வெல்டரோடு கடைக்கு நொண்டிக்கொண்டே போனேன். கடைக்காரன் ஒரு குட்டிக் கேமராவை வேண்டுமென்றே தரையில் போட்டான். "ஆள் உயரத்துலேர்ந்து விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. ஆச்சுன்னா புதுசு தருவோம்."

வெல்டர் என் காலைப் பார்த்தான். "மாப்ள, உனக்கு இந்த கேரண்டி உண்டாடா?"

மழை, தூசி, நம் பிள்ளையின் கை, எல்லாவற்றையும் தாங்கும் என்று அதையே வாங்க இருந்தேன். ஆனால் கல்யாண மண்டப வெளிச்சத்தில் அதில் முகம் கலங்கும், லென்ஸும் மாற்ற முடியாது என்று நீ சொல்லியிருந்தாயே. இரவல் கேமராவை விட்டு நீ சொந்தமாகக் கல்யாணப் படம் எடுக்கும் வேலை பிடித்தால்தான் நான் சாரத்தை விட்டு இறங்க முடியும். லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய டி.எஸ்.எல்.ஆரையே வாங்கி, ஊருக்கு வரும் பெயிண்டரிடம் கொடுத்திருக்கிறேன். விழுந்தால் உடையும், பத்திரம்.

காலுக்குத் தைலம் அனுப்பு. போனில் எப்போதும் பிள்ளையையே காட்டுகிறாய். முதல் படம் கண்ணாடி முன் நின்று உன்னையே எடு. கேமரா முகத்தை மறைக்க வேண்டாம்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன் வீட்டுக்காரன்