நவம்பரில் உன் தீவுக்குப் போய் வந்தோம்

என் பிரியத்துக்குரிய மரியதாஸ் மச்சான்,

இந்தப் பத்திரிகையில் கிழமைக்குக் கிழமை என் கடை விளம்பரம் வருவது உனக்குத் தெரியும். அரிசி, மீன், கருவாடு, அடியில் தொலைபேசி எண். இந்தக் கிழமை விளம்பரம் வேண்டாம், இடத்தை மட்டும் தாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நீ போய் ஒரு வருடமாகிறது. உன் படத்துக்குக் கீழே நாலு வரிக் கவிதை போடலாம் என்றார்கள். கவிதையில் உன்னைப் போட்டால் நீயே சிரிப்பாய். அதனால் நடந்ததை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும்.

முதலில் வீட்டுப் புதினம். உன் மனிசி பிலோமினா சுகம். இங்கே ரொறன்ரோவில் உங்கள் மில்லிக்கன் வீட்டு வாசலில் பனி குவிவதில்லை. பக்கத்து வீட்டுச் சீனக்காரர் தன் மெஷினால் தள்ளும்போது உங்கள் பக்கத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார். உன் மகள் ஜெனிக்கு மே மாதம் கலியாணம். மாப்பிள்ளை நல்ல பொடியன். கேட்டதற்குப் பதில் சொல்வான், கேட்காததைச் சொல்ல மாட்டான். ஆனால் இந்தக் கலியாணத்துக்கு மாசக்கணக்கில் நாள் வைக்க முடியாமல் கிடந்தது. அதற்குக் காரணம் நீதான் என்று உனக்குத் தெரியுமா?

போன கோடையில் பிலோமினா கடைக்கு வந்தாள். கூடையில் ஒன்றும் இல்லை. சாமான் வாங்க வரவில்லை என்று கண்டுகொண்டேன்.

"அண்ணை, இந்த மனிசன் கிறீஸ் நாட்டிலை ஒரு நேர்த்திக்கடன் வைச்சிட்டுப் போட்டுது. அது முடியாமல் நான் பிள்ளைக்கு நாள் வைக்க மாட்டன்."

"என்ன நேர்த்தி?"

"நீங்களும் அந்தக் கப்பலிலைதானே நிண்டனீங்கள். கோயிலுக்கு வெள்ளிக் கப்பல்தான்."

"அவன் சொன்னவனோ?"

"நேர்த்தி ஒண்டு மிச்சமெண்டு மட்டும் சொன்னது. என்னவெண்டு வாய்விட்டுச் சொல்லுற மனிசனே அது? கப்பல் தப்பினதுக்கு வைச்சதெண்டால் வேறை என்னவாய் இருக்கும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கண் வருத்தத்துக்கு வெள்ளிக் கண், கால் நோவுக்கு வெள்ளிக் கால், கப்பலுக்குக் கப்பல். நீ மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரன், நான் சைவக்காரன். ஆனால் இந்த வழக்கம் இரண்டு பக்கமும் ஒன்றுதானே. நேர்த்தி முடியாத வீட்டில் மேளம் கேட்கக் கூடாது என்று என் அம்மாவும் சொல்லியிருக்கிறாள். அதனால் ஓம் என்றேன்.

போகும்போது வாசலில் நின்று அவள் இன்னொன்று சொன்னாள். "கோயில் கதவு கட்டையாம் அண்ணை, குனிஞ்சுதான் போகவேணுமாம். எப்பவும் சொல்லுவார். தலையைப் பாத்துக்கொள்ளுங்கோ."

அந்தச் சொல்லை நான் அங்கேயே பிடித்திருக்க வேண்டும். சாமான் வாங்கும்போது பெட்டியின் அடியையும் திருப்பிப் பார்க்கிறவன் நான். அன்றைக்குத் திருப்பிப் பார்க்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், நான் ஓம் என்றது பிலோமினாவுக்காக மட்டுமில்லை. கப்பல் ஒதுங்கின அந்தத் தீவுக்குப் போகலாம் என்று நீ வருடா வருடம் கேட்டாய். "இந்த நவம்பருக்கு நாலு பேருமாய்ப் போவம் மச்சான்." நான் ஒவ்வொரு தரமும் ஒரே பதிலைச் சொன்னேன். "நத்தார்ப் பண்டிகைச் சாமான் இறங்கிற நேரமடா, விளையாடுறியே?" அந்தப் பதிலோடு நீ போய்விட்டாய். இந்த ஒரு வருடத்தில் நான் கடையில் நின்று அதை எத்தனை தரம் நினைத்தேன் என்று உனக்கு எப்படிச் சொல்ல?

பாரிஸில் இருக்கும் ராசனுக்கும் ஜெர்மனியில் இருக்கும் குணத்துக்கும் போன் எடுத்தேன். கப்பலை விட்ட பிறகு நாங்கள் ஒன்றாய்ச் சந்தித்ததே இல்லை. லீவு இல்லை, வேலை இருக்கு என்று சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேரும் உன் பெயரைச் சொன்னதும் "எப்ப?" என்று மட்டும்தான் கேட்டார்கள். என்னைத் தவிர எல்லாரும் தயாராகத்தான் இருந்திருக்கிறார்கள்.

வெள்ளிக் கப்பலை ஸ்காபரோவில் ஒரு நகைப் பத்தரிடம் செய்வித்தேன். அந்த மனிதர் வாழ்க்கையில் கப்பல் ஏறாதவர். முதலில் செய்தது அன்னம் மாதிரி இருந்தது. கடையிலிருந்து ஒரு மீன் டின்னைக் கொண்டுபோய், அதன் லேபிளில் இருந்த கப்பலைக் காட்டினேன். திருத்திய பிறகும் கொஞ்சம் அன்னம்தான். பிலோமினா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உன்னுடைய கம்பளித் தொப்பியைத் தந்து, "அங்கை காத்தாம், போட்டுக்கொண்டு போங்கோ" என்றாள். கப்பலில் போட்ட அதே நீலத் தொப்பி.

வாசிக்கிறவர்களுக்காக அந்தக் காலையைச் சொல்லிவிடுகிறேன். பதினாலு வருடத்துக்கு முந்தி நாங்கள் நாலு பேரும் ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலில் வேலை. நான் குசினியில் சமையல், நீங்கள் மூன்று பேரும் மேல்தட்டில். நவம்பர் மாதம், விடிகிற நேரம், பெரிய காற்றில் எஞ்சின் நின்றுவிட்டது. கப்பல் ஒரு தீவின் முனையை நோக்கி இழுபட்டது. முனையில் ஒரு வெள்ளைக் கோயில், அதற்குள் ஒரு விளக்கு. நீ கம்பியைப் பிடித்தபடி அதைப் பார்த்து ஏதோ சொன்னாய். எஞ்சின் திரும்ப எழும்பியது. அந்தத் தீவின் துறைமுகத்தில் மூன்று நாள் ஒதுங்கி நின்றோம். மூன்றாம் நாள் நீ சிகரெட் வாங்கப் போகிறேன் என்று கரையில் இறங்கி அரை நாள் காணாமல் போனதும், கப்டன் உன்னைப் பேசின பேச்சும் எங்களுக்கு நல்ல ஞாபகம்.

இப்போது அதே துறைமுகத்தில் மூன்று நரைத்த தலைகள் பெட்டியோடு இறங்கின. கோடையில் அந்த இடம் சனத்தால் நிரம்புமாம். நவம்பரில் ஒரு பூனைதான் வரவேற்றது. சாப்பாட்டுக் கடைகள் பூட்டு, கதிரைகள் ஒன்றின் மேல் ஒன்றாய் அடுக்கிக் கட்டிக் கிடந்தன. திறந்திருந்தது ஒரே ஒரு பலசரக்குக் கடை. முதலாளி யானி, எங்கள் வயது. வெயிலுக்குப் பூசும் கிறீம் போத்தல்களைப் பின்தட்டுக்குத் தள்ளி, முன்னால் மாவும் தூண்டில் நூலும் வைத்திருந்தான். காலம் அறிந்து தட்டை மாற்றுகிறவன் நல்ல வியாபாரி. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

கப்பலில் பழகின எங்கள் கிரேக்கம் இன்னும் செத்துப் போகவில்லை. "சீசன் முடிந்த பிறகு என்ன பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்டான். முனையில் இருக்கிற வெள்ளைக் கோயில் என்றோம். அவன் கடை வாசலுக்கு வந்து மலையைச் சுற்றிக் கையைக் காட்டினான். எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கோயில். குடும்பத்துக்கு ஒன்று, முனைக்கு ஒன்று. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை.

அங்கேதான் எங்கள் பிழை விளங்கியது. நாங்கள் கடலோடிகள். அந்தக் கோயிலைக் கடலில் நின்றுதான் கண்டோம். தரைப் பக்கத்திலிருந்து அதன் முகம் எங்களுக்குத் தெரியாது.

ஆனாலும் அந்த இரண்டு நாளும் நான் பல வருடமாய்க் காணாத சந்தோசம், மச்சான். ஒரு பழைய கார் வாடகைக்கு எடுத்தோம். குணம் ஓட்டினான், ராசன் பின்னால் இருந்து பிழை பிடித்தான். மழையில் நனைந்த மலையெல்லாம் பச்சை. தோடை மரங்களில் காய் ஆரஞ்சாய்ப் பழுத்துக் கிடந்தது. ஆள் நடமாட்டமில்லாத கடற்கரையில் மூன்று கிழடுகளும் காற்சட்டையை மடித்துவிட்டுக் கால் நனைத்தோம். குணம் தண்ணீர் பட்டதும் போட்ட சத்தத்தை ஆடுகள்தான் கேட்டன.

முதல் நாள் மத்தியானம் ஒரு கோயிலின் பின்சுவரில் காற்றுக்கு ஒதுங்கி இருந்து பாணும் டின் மீனும் சாப்பிட்டோம்.

"இதாய் இருக்குமோ?" என்றான் குணம்.

"உனக்கு விசரே? அதுக்குக் கீழை ரெண்டு கல்லு பல்லு மாதிரி நிண்டது. இஞ்சை எங்கை கல்லு?" என்றான் ராசன்.

"கல்லு இல்லை, உடைஞ்ச காத்தாடி ஆலைதான் நிண்டது."

"நீ அண்டைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கத்தினனீ. உனக்கென்ன தெரியும்?"

நான் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. குசினியிலிருந்து ஓடி வந்தவன் நான், விளக்கைத்தான் கண்டேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் பதினேழாவது கோயிலையும் பார்த்தாயிற்று. வியாழக்கிழமை கப்பல். அதை விட்டால் காற்று மாறி ஒரு கிழமைக்குக் கப்பல் வராதாம். ராசன் களைத்துப்போய் என்னிடம் சொன்னான், "எல்லாம் ஒரே சாமிதானே சிவம். கிட்ட இருக்கிற கோயிலிலை மாட்டிப் போட்டு வா. அவளுக்கு ஆர் சொல்லப்போயினம்?"

நான் வியாபாரி. கொஞ்சம் புளித்த மாங்காயை இனிப்பு என்று சொல்லி விற்றிருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிலோமினா கேட்கும்போது அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதை நம்பி அவள் பிள்ளைக்கு நாள் வைப்பாள். "ஏலாது" என்றேன். யானியிடம் போய், "கடலிலிருந்து பார்க்க வேண்டும், வள்ளம் இருக்கா?" என்று கேட்டேன்.

குளிர்காலத்தில் அவன் மீனுக்கும் போகிறவன். எவ்வளவு என்று கேட்டதற்கு மேலும் கீழும் பார்த்தான். "உல்லாசப் பயணம் கோடையில்தான். நாளைக்குக் காற்று விழுந்தால் வலை வளைக்கப் போவேன். இழுக்கத் தெரிந்தால் ஏறுங்கள்."

ஊரில் தீவிலேயே பிறந்து வளர்ந்த தீவான்கள் மூன்று பேரிடம் வலை இழுக்கத் தெரியுமா என்று கேட்கிறான். ராசன் அங்கேயே கையை மடித்துவிட்டான்.

புதன்கிழமை காற்று விழுந்தது. இழுத்தோம். அடுத்த நாள் தோள் தூக்க முடியவில்லை என்பது வேறு கதை. முனையைச் சுற்றும்போது மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழும்பி நின்றோம். கீழே பல் மாதிரி இரண்டு கல். பின்னால் உடைந்த காற்றாடி ஆலை. நடுவில் கோயில். மலைச் சரிவு மறைப்பதால் தரையில் நிற்கிறவனுக்குக் கல்லும் தெரியாது, ஆலையும் தெரியாது. ராசனும் சரி, குணமும் சரி.

அதன் பின்சுவரில் சிவப்பாய் ஏதோ ஆடியது. குணம் கழுத்தைத் தடவிப் பார்த்தான். அவன் முதல் நாள் மறந்துவிட்டு வந்த மஃப்ளர். நாங்கள் பாணும் மீனும் சாப்பிட்ட அதே கோயில்.

கரைக்கு வந்ததும் யானி அந்தக் கோயிலுக்குரிய குடும்பத்திடம் கதவுத் திறப்பு வாங்கி வந்தான். நான் வெள்ளிக் கப்பலைக் கையில் பிடித்தபடி உள்ளே போனேன், நெற்றியை நிலையில் இடித்தேன். நல்ல அடி. உன் தொப்பி இருந்தபடியால் தோல் பிரியவில்லை. கண்ணில் பூச்சி பறக்க நின்றபோதுதான் பிலோமினா சொன்னது காதில் விழுந்தது. கதவு கட்டை. கடலில் நின்று பார்த்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

உள்ளே நாலு கதிரை, ஒரு விளக்கு, மாதாவின் படம். படத்துக்கு மேலே ஒரு நூலில் தகரத்தில் வெட்டின கண், கை, குழந்தை, கப்பல் எல்லாம் தொங்கின. அவர்களுக்கும் எங்கள் வழக்கம்தான். குணம் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு போனான். ஒரு துருப்பிடித்த கப்பலைத் திருப்பியவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தான்.

"சிவம், இஞ்சை வா. இது தமிழ்."

ஆணியால் கீறின எழுத்து. சி, ரா, கு, ம. எங்கள் நாலு பேரின் முதலெழுத்து. தகரத்தின் மறுபக்கத்தில் பால் டின்னின் நிறம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக் கிடந்தது. அந்த டின் என் குசினி டின், மரியதாஸ். சாம்பல் தட்ட என்று சொல்லி என்னிடம் வாங்கிக்கொண்டு போனாய். சிகரெட் வாங்கப் போன அரை நாளும் நீ இங்கேதான் இருந்திருக்கிறாய்.

கப்பலை அன்றைக்கே கொடுத்துவிட்டாய். பிறகு என்ன நேர்த்தி மிச்சம்?

ராசன்தான் கண்டுபிடித்தான். கொஞ்ச நேரம் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னான், "உவன் கப்பலைக் குடுத்திட்டான். ஆக்களைத்தான் குடுக்கேல்லை."

நாலு பேருமாய்ப் போவம் என்று நீ கேட்டதை நான் ஒரு பயணமாகவே கேட்டிருக்கிறேன், அதுதான் மிச்ச நேர்த்தி என்று விளங்கவில்லை. ஒரு தரமாவது ஏன் என்று நான் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாயா?

குணம் என் தலையிலிருந்து உன் தொப்பியைக் கழற்றினான். ஒரு கதிரையில் வைத்தான். மற்ற மூன்றிலும் நாங்கள் இருந்தோம். "இப்ப நாலு பேர்" என்றான். யானி விளக்குக்கு எண்ணெய் விட்டுக் கொளுத்தினான். நாங்கள் அழவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் அந்தக் கதிரைகளில் இருந்தபோது என் நெஞ்சில் ஒரு வருடமாய்க் கிடந்த கல் மெல்ல நகர்ந்ததும் உண்மை.

வெள்ளிக் கப்பலையும் உன் தகரக் கப்பலுக்குப் பக்கத்தில் மாட்டினேன். யானி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்ன பறவை?" என்று கேட்டான்.

ரொறன்ரோவுக்கு வந்து இறங்கி நேரே பிலோமினாவிடம் போனேன். ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். தொப்பியை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அப்ப கதவு கட்டைதானே அண்ணை?" என்றாள். நெற்றியைக் காட்டினேன். நீ போன பிறகு அவள் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெனிக்கு நாள் வைத்தார்கள்.

என் கடை? நான் இல்லாத பத்து நாளும் நீ தங்கச்சி என்று கூப்பிட்ட என் மனிசி ரஞ்சி நடத்தினாள். "நீங்கள் நிக்கிறதிலும் பார்க்க வடிவாய் ஓடிச்சுது" என்கிறாள். இத்தனை வருடம் நான் சொன்ன காரணம் அவ்வளவுதான்.

அதனால் எல்லாரும் அறிய எழுதித் தருகிறேன். வருகிற நவம்பரில் என் அஜின்கோர்ட் கடை பத்து நாள் பூட்டு. வாடிக்கையாளர்கள் அரிசியை முதலே வாங்கி வைக்கவும். பிலோமினா, ஜெனி, மாப்பிள்ளை, ரஞ்சி, ராசன், குணம் எல்லாரையும் உன் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். உன் தொப்பியும் வரும். அந்தக் கோயில் வாசலில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் தலையைக் குனி என்று சொல்வது இனி என் வேலை.

பெண் கொடுத்தும் எடுத்தும் அல்ல, ஒரே கப்பலில் நின்று உனக்கு மச்சானான,
சிவஞானம்