சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே

மார்ச் 2, ஞாயிறு

கழுத்தில் துளை போட்டு மூச்சுவிடக் குழாய் வைத்து இன்றோடு மூன்று மாதம். காலையில் மனைவி வழக்கம்போல் உள்குழாயைக் கழற்றி, சின்ன பிரஷ் விட்டுத் தேய்த்து, சளி போகக் கழுவி மாட்டினாள். ஒரு நாள் தவறியதில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மகள் வந்தாள். மூன்று வருஷம் இந்த வாசலை மிதிக்காதவள், நான் பேச முடியாமல் போனதிலிருந்து ஞாயிறுதோறும் வருகிறாள். அவள் பேசப் பேச நான் சிலேட்டில் பதில் எழுதுகிறேன். இன்று "சரி" என்று எழுதினேன். சிரித்தாள். இந்த இரக்க குணம் என்னிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

மார்ச் 6

பரிசோதனைக்குப் போனோம். நர்ஸ் கேட்டாள், "என்ன சார், பேச்சு வால்வு போட்டுப் பழகினீங்களா?"

எந்த வால்வு என்று எழுதினேன்.

"டிஸ்சார்ஜ் அன்னிக்கே வீட்டுக்காரங்க கையில குடுத்தோமே! குழாய் வாயில மாட்டினா, உள்ள போற மூச்சு தொண்டை வழியா வெளிய வரும். இந்நேரம் ரேடியோ மாதிரி பேசியிருப்பீங்க."

மனைவி சுவரில் ஒட்டியிருந்த 'கை கழுவும் முறை'யைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடிக்கவே இல்லை.

மார்ச் 7

தையல் டப்பாவில் கிடந்தது. என் பழைய சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே, அவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக. வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம்!

"ஏன்?" என்று எழுதி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அவ வரணும்னுதான். நீங்க வாயத் திறந்தா வருவாளா?"

அழித்துவிட்டு எழுதினேன்: "அவளுக்குத் தெரியுமா?"

"அவதாங்க நர்ஸ்கிட்ட வாங்கினா. 'இப்பக் குடுக்காதம்மா, கொஞ்ச நாள் போகட்டும்'னா."

பெண்டாட்டியும் பெண்ணும் கூட்டு. கல்லூரியில் என் பதவி உயர்வைத் தட்டிப் பறித்தவன்கூட முகத்துக்கு நேரே செய்தான். இவள் தினமும் என் மூச்சைக் கழுவிக் கொடுத்துக்கொண்டே — என்ன மனுஷி இவ?

மார்ச் 12

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒத்திகை. முதல் நாள் வெறும் கரகரப்பு. இன்று என் குரலேதான். ஞாயிற்றுக்கிழமைக்கு வாக்கியம் தயார். ஐந்து முறை திருத்தினேன்.

மார்ச் 16, ஞாயிறு

மகள் வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் வால்வைப் பார்த்தாள். கீழே வைத்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஐந்து முறை திருத்திய வாக்கியம், வீணாக்க மனம் வரவில்லை. "அப்பன் ஊமையா இருந்தாத்தான் மகளா இருப்பேன்னா, அந்த மகள் எனக்கு வேண்டாம்." ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது.

"இதுக்குத்தாம்பா பயந்தேன்" என்றாள். எழுந்து போய்விட்டாள். மனைவி வாசல்வரை ஓடினாள்.

நான் சொன்னதில் என்ன தப்பு?

மார்ச் 23, ஞாயிறு

மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. வரவில்லை.

மார்ச் 24

எழுந்ததும் வால்வை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். மனைவி பிரஷும் கிண்ணமுமாக வந்தாள். ஒரு வாரமாக ஒரு வார்த்தை இல்லை.

"ஏதாவது சொல்லேன்" என்றேன்.

மேஜையிலிருந்த என் சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்: "தலையை நிமிர்த்துங்க."

நிமிர்த்தினேன். கழுவுவதற்காக வால்வைக் கழற்றினாள்.