உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. யாழினிக்குச் சளி, மதியம் காய்ச்சல் நூறு. பதினான்கு மாதக் குழந்தைக்கு நூறு என்பது அதிகமா? மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் வேறு வேறு.

வாங்க: காய்ச்சல் மருந்து, ரவை, புது தெர்மாமீட்டர்.

மூன்றரைக்கு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டே போன் பார்த்தபோது வெளிநாட்டு ரசிகர் குழு ஒன்றில் ஒரே ஒரு வரி. இன்ஜினியர் இறந்துவிட்டார்.

நாங்கள் பார்க்கும் பிரிட்டிஷ் டிவி தொடரில் ரொம்ப வருடத்துக்கு முன் கப்பல் இன்ஜினியராக வந்தவர். அம்மா பிறப்பதற்கு முன்பே தொடங்கிய தொடர், இன்னும் முடியவில்லை. கூடப் படித்த ஜெ.வும் (ஜோஸ்பின்) நானும் கல்லூரி இரண்டாம் வருடத்தில் அதற்காகத் தமிழில் ஒரு செய்திப் பக்கம் தொடங்கினோம். ஒரே ஒரு சட்டம்: ஒருத்தி எழுதுவது, இன்னொருத்தி விசாரித்துப் பார்ப்பது. பிறகுதான் வெளியே போகும், கீழே இரண்டு பேர் பெயரும். ஆறு வருடமாக ஒரு செய்தியும் தப்பாகப் போனதில்லை. யாழினி பிறந்ததிலிருந்து எழுதுவதும் ஜெ., பார்ப்பதும் ஜெ. என் பெயர் மட்டும் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜெ. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி டீச்சர். நாலரை வரை அவள் போன் ஆபீஸில்தான் இருக்கும். காத்திருக்கலாம். காத்திருக்கவில்லை. அவர் படம், சாமந்தி மாலை, இரண்டு குத்துவிளக்கு, கண்ணீர் அஞ்சலி. ‘செய்தி உறுதி செய்யப்பட்டது’ என்று வேறு எழுதினேன். கீழே இரண்டு பேர் பெயர். பத்து நிமிடத்தில் எங்கள் தமிழ்க் குழு முழுக்க அழுகைப் பொம்மைகள். நல்லா எழுதியிருக்கீங்கக்கா என்று ஒருவர்.

சந்தோஷமாக இருந்தது. இதை எங்கே எழுதுவது, இங்கேதான்.

ஐந்துக்கு யாழினி வாந்தி. டாக்டரிடம் ஓட்டம். போன் சத்தமில்லாமல் பையில் கிடந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஜெ. மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். ‘நாளைக்குப் பேசுறேன்டி, பாப்பாவுக்கு முடியல’ என்று அனுப்பினேன். ‘பாப்பாவைப் பாரு’ என்றாள்.

நவம்பர் 5, புதன்

காய்ச்சல் இறங்கியது. இட்லி அரை தின்றாள்.

பதினொன்றரைக்கு மாரியப்பன் போன். வத்திராயிருப்பில் பேனர் கடை வைத்திருக்கிறவர், குழுவில் பழைய ஆள்.

“அக்கா, செத்தவரு பேசுதாருக்கா!”

“என்ன சொல்றீங்க?”

“வீடியோ போட்டுருக்காரு. டீ குடிச்சுக்கிட்டே சிரிக்காரு. செத்தது அதே பேருல வேற ஆளாம். நா நேத்தே பஸ் ஸ்டாண்டுல பேனர் கட்டிட்டேன். யாரு இந்த வெள்ளக்காரரு, உங்களுக்குச் சொந்தமான்னு டீக்கடையில ஒரே கேலி. அவுத்துரவா, இல்ல பொறந்தநாள்னு மாத்தி ஒட்டவா?”

சிரிப்பு வந்தது. பன்னிரண்டு மணி வரைதான். ஜெ. ஆபீஸில் போனைக் கேட்டு வாங்கி அனுப்பிய குரல் பதிவு வந்தது. சின்னது. கோபம் இல்லாத குரல்.

“ரம்யா, காலையில பிரேயர்ல அவருக்காக ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செஞ்சோம். மொத்த ஸ்கூலும். எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க அவருக்கு லெட்டர் எழுதி வச்சுருந்தாங்கல்லா, ரெண்டு பேரு அழுதுட்டாங்க. இப்ப, அவரு உசுரோடதான் இருக்காருன்னு தெரிஞ்சு ஹெச்.எம். கூப்பிடுறாங்க. போயிட்டு வாரேன்.”

அந்தக் கடிதங்கள். அடுத்த வாரம் தபாலில் போக இருந்தவை. ஜெ. கல்லூரியில் அவருக்கு எழுதி, அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய படம் அவள் வீட்டு ஹாலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைக் காட்டித்தான் பிள்ளைகளை எழுத வைத்தாள்.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நான்கு முறை.

நவம்பர் 6, வியாழன்

வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது.

இவர் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணி யூனிட்டிலிருந்து சாப்பிட வந்தார். சொன்னேன். “உசுரோட இருக்காருன்னா சந்தோசந்தான? இதுக்குப் போயி ஏன் அழுவுற?” என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார். அவர் சொல்வதும் சரி. விளக்கத் தெரியவில்லை.

மன்னிப்பு எழுதினேன். அழித்தேன். முதல் முயற்சியில் யாழினியின் காய்ச்சல் வந்தது. இரண்டாவதிலும் வந்தது. குழந்தையைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறேன். மூன்றரைக்கு அவளுக்கு வாந்தி இல்லை. மூன்றரைக்கு எனக்கு அவசரம் மட்டும்தான். நான் இன்னும் இருக்கிறேன் என்று காட்டுகிற அவசரம்.

நவம்பர் 8, சனி

இராஜபாளையத்திலிருந்து பத்தே கால் பஸ். யாழினி வழியெல்லாம் தூக்கம். ஸ்ரீவி.யில் இறங்கி அரைக் கிலோ பால்கோவா. வெறுங்கையோடு போக முடியாது, ஆனால் கையில் பிடித்திருக்கவும் வெட்கமாக இருந்தது.

ஜெ.தான் கதவைத் திறந்தாள். “வாட்டி” என்றாள். பாப்பாவை வாங்கினாள். யாழினி முகத்தைப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதாள்.

“என்னைய அடையாளம் தெரியல. பேரு வச்ச அன்னைக்குப் பாத்தது.”

முக்கால் மணி நேரப் பஸ் தூரம்தான். ஒரு வருடம்.

ஸ்கூலுக்கு வந்து நானே ஹெச்.எம்.மிடம் சொல்கிறேன் என்றேன்.

“வேண்டாம். நேத்து பிரேயர்ல நானே சொல்லிட்டேன். மிஸ் விசாரிக்காமச் சொல்லிட்டேன், தப்பு என்னோடதுன்னு.”

“உன் தப்பு இல்லியே ஜோ.”

“என் பேரு போட்டிருந்துச்சுல்லா.”

அப்புறம் காபி. அவள் அம்மா வந்து பிள்ளைக்குப் பல் எத்தனை என்று கேட்டார். ஆறு என்றேன்.

“ஹெச்.எம். என்ன சொன்னாங்க?”

“இனிமே பிரேயர்ல நான் எதுவும் பேசக் கூடாதாம். லெட்டரும் அனுப்ப வேண்டாமாம். அதை விடு.” டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள். “ஒன்னு தெரியுமா? உறுதின்னு போட்டிருந்ததால நான் தேடிக்கூடப் பாக்கல. நீ பாப்பாவ வச்சுக்கிட்டே எல்லாம் பாத்திருப்பன்னு நெனச்சேன். உன்னைக் கூப்பிட்டது செய்தி கேக்க இல்லட்டி. அழணும்போல இருந்துச்சு, அதான்.”

சொல்ல வந்ததில் பாதி காய்ச்சல், பாதி வாந்தி.

கிளம்பும்போது வாசலில்: “நம்ம பக்கத்துல இருந்து என் பேரை எடுத்துரு. நீ நடத்து. நல்லா எழுதுவ.”

பால்கோவாவில் பாதியைத் தூக்குச் சட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், பாப்பாவுக்கு என்று.

நவம்பர் 9, ஞாயிறு

மேகமூட்டம். யாழினியைத் தலைக்குக் குளிப்பாட்டவில்லை.

திருத்தம் போட்டேன். ‘செய்தி தவறு. எழுதியது நான். ஜோஸ்பின் அதைப் பார்க்கவில்லை. பார்த்ததுபோல அவள் பெயரைப் போட்டதும் நான்.’ இதில் காய்ச்சல் பேச்சே இல்லை. கீழே ஒரு பெயர். பக்கத்திலும் ஒன்றாக்கிவிட்டேன். எடுப்பதற்கு இரண்டு முறை தட்டினால் போதும், அவ்வளவுதான்.

மாரியப்பன்: “ஜோஸ்பின் அக்கா போயிட்டாங்களாக்கா? அப்ப இனிமே செக் பண்றது யாரு?”

குழுவிலிருந்து அவள் வெளியேறவில்லை. சாயங்காலம் வரை பத்துப் பதினைந்து முறை பார்த்திருப்பேன்.

ஆறு மணிக்கு தொடரின் அடுத்த சீசன் படப்பிடிப்பு பற்றி ஒரு சின்னச் செய்தி. தயாரிப்பாளர்களின் சொந்தப் பக்கத்தில் போய்ப் பார்த்து, தேதி பார்த்து, இன்னும் இரண்டு இடத்தில் பார்த்துப் போட்டேன். முக்கால் மணி நேரம். இத்தனை வருடம் அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள், ஒரு நாளும் சொன்னதில்லை.

ஏழு மணிக்குள் பன்னிரண்டு இதயம். யார் யார் என்று தட்டிப் பார்த்தேன். மாரியப்பன். தென்காசிக்காரர். மில்லில் ஷிப்ட் பார்க்கும் தம்பி. ஏழாவதாக ஜெ. போட்டிருந்தாள், மற்றவர்கள் போடுவது போலவே ஒன்று.