குசினிக் கானுக்குப் போட்ட மூடி

4 யூலை 1937

காலையிலேயே குசினித் தொட்டி நிரம்பி நிற்கிறது. குச்சியால் குத்தினால் ஒரு குமிழி வருகிறது; தண்ணீர் போகவில்லை. மலாயா ஈப்போவில் உத்தியோகம் பார்த்து வந்து, அங்கே கண்டதுபோலக் கழுவுநீர் ஓட நிலத்துக்கடியில் கான் வைத்து, சீமெந்து மூடி போட்டுக் கட்டிய குசினி. அரியாலையில் வேறு யாருக்கு இருக்கிறது? மற்ற வீடுகளில் கழுவுநீர் வாழையடிக்குத் திறந்தபடி ஓடுகிறது. பக்கத்து வீட்டு ஏரம்பு அண்ணை அன்றே சொன்னார், “கண்ணுக்குத் தெரியாமல் ஓடுற தண்ணியை நம்பேலாது, தம்பி” என்று. அவருக்கு எதைத்தான் பிடித்தது?

5 யூலை

காரணம் பிடிபட்டது. மகள் பத்மாசினியின் கலியாணத்துக்குப் பலகாரம் சுட்ட பெண்கள், அரியதரம் பொரித்த எண்ணெய்க் கசடு முழுவதையும் தொட்டியில் கொட்டியிருக்கிறார்கள். பெண்சாதி செல்வநாயகியிடம் பாய்ந்தேன்.

“நீங்கள்தானே எல்லாத்தையும் உதுக்குள்ளை ஊத்தச் சொன்னியள், மலாயாவிலை உப்பிடித்தான் எண்டு.”

சொன்னேன்தான்.

7 யூலை

சுண்ணாம்பு கரைத்து ஒரு கிடாரம் ஊற்றினேன். கொழுப்பை அரித்துவிடும்.

8 யூலை

அரிக்கவில்லை. எண்ணெயும் சுண்ணாம்பும் சேர்ந்து கல்லாக இறுகிவிட்டது. இப்போது குமிழிகூட வருவதில்லை.

9 யூலை

அண்ணை வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“கிணத்திலை எண்ணெய் மிதக்குது. உன்ரை மச்சாள் கண்டவ. உன்ரை கான் கிணத்தடியாலைதானே போகுது.”

பங்குக் கிணறு. இரண்டு வீட்டுக்கும் குடிதண்ணீர் அதுதான். அண்ணையின் மகள் இராசாத்தி பிள்ளை பெற்றிருக்கிறாள். “பிள்ளைக்கு வயித்தாலை போகுது” என்றார். வந்த பொட்டாலேயே திரும்பிப் போனார். நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

10 யூலை

அவர்கள் கோயில் கிணற்றில் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பச்சைப்பிள்ளை. என்ரை மலாயா எடுப்பாலை அதுக்கு ஒண்டு நடந்திட்டால் — நான் என்ன செய்வன்? கடவுளே.

செல்வநாயகி சொன்னாள்: “உடையுங்கோ. சீமெந்துதானே.”

11 யூலை

உடைத்தேன். அலவாங்கை எடுத்து நானே ஒவ்வொரு மூடியாகப் பெயர்த்தேன். தொட்டியை விட்டு வெளியே வந்ததுமே அடைப்பு. வெள்ளையாக, கை நீளத்துக்கு, நாற்றம் சொல்ல முடியாது. கிணற்றடிப் பக்கத்து மூடிகளை மெல்ல மெல்லத்தான் தூக்கினேன். அங்கே கான் காய்ந்து கிடந்தது. பொருத்துகளில் ஒரு வெடிப்பு இல்லை. பக்கத்து மண்ணைத் தோண்டியும் பார்த்தேன், புழுதி பறந்தது. என் கழுவுநீர் கிணற்றுக்குப் போகவில்லை. போகவே இல்லை.

அந்தப் புழுதியிலேயே குந்தியிருந்து அழுதேன். செல்வநாயகி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

12 யூலை

அப்படியானால் எண்ணெய் எங்கிருந்து வந்தது? இன்று கண்ணாலேயே கண்டேன். மச்சாள் தன் பேரப்பிள்ளைக்கு நல்லெண்ணெய் பூசிக் குளிக்க வார்த்த கையோடு, துணி அலம்ப வேண்டும் என்று அதே வாளியைத் துலாவில் கொளுவி இறக்கினா. வாளி முட்டியதும் தண்ணீரில் எண்ணெய் வட்டம் விரிந்தது. அவவும் பார்த்தா. நான் பார்த்ததையும் பார்த்தா.

அலவாங்கு பிடித்துக் கை பொத்துக் கிடக்கிறது எனக்கு. வாய் நிறைய ஏச்சு வந்தது. விழுங்கிவிட்டு, “விடுங்கோ மச்சாள், எங்கடை வாளியாலை நான் அள்ளித்தாறன்” என்றேன். எனக்கே ஆச்சரியம்.

15 யூலை

பிள்ளைக்குச் சுகம். ஓமத்தண்ணீரில் நின்றுவிட்டதாம். கிணற்றை இறைத்து ஊறவிட்டிருக்கிறோம், அண்ணையும் நானும். மச்சாள் தானே அவரிடம் வாளிக் கதையைச் சொல்லிவிட்டாவாம். அவர் என் கையில் பூச மருந்தெண்ணெய் கொண்டுவந்தார். இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

20 யூலை

கான் திறந்தபடியே இருக்கட்டும். செல்வநாயகி சட்டம் போட்டிருக்கிறாள்: எண்ணெய்ச் சட்டியைத் தேங்காய்த் தும்பால் துடைத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்த பிறகே தொட்டிக்கு வரலாம். பொரித்த எண்ணெய் மாட்டுக்கொட்டில் விளக்குக்கு. மீறினால் எனக்குத் தேத்தண்ணீர் இல்லை. மீறவில்லை.

29 யூலை

பிள்ளை பிறந்து இன்று முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவு. விடியவே அண்ணை கூப்பிட்டார். கிணற்றடியில் இராசாத்தி பிள்ளையுடன் நின்றாள். மச்சாள் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தா.

“நீ அள்ளு, தம்பி,” என்றார் அண்ணை. “பிள்ளைக்கு உன்ரை கையாலை வார்.”

வார்த்தேன். குளிர் பட்டதும் வீரிட்டு அழுதான். நல்ல பலமான சத்தம்.