நான் கேட்ட நீதி

ஜூலை 1, செவ்வாய்

தையற்காரர் ரவிக்கையின் இடது கையை அரை அங்குலம் நீளமாகத் தைத்திருக்கிறார். "இதையெல்லாம் யாரும்மா கவனிக்கப் போறாங்க?" என்கிறார். நான் கவனித்தேனே, நான் யாருமில்லையா? பிரித்துத் தைக்கச் சொல்லிவிட்டு வந்தால், பகல் பன்னிரண்டு மணிக்கு மகன் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அப்பாவை அடக்கம் செய்த மறுநாளே வேலைக்குப் போனவன்.

இரத்தம் மாறிவிட்டதாம். ஆபரேஷனுக்குப் படுத்திருந்த பெரியவர் ஒருவரின் பெயர் ஒட்டிய குழாயில் பக்கத்துக் கட்டில்காரரின் இரத்தம் இருந்திருக்கிறது. அதை நம்பி வேறு வகை இரத்தத்தை ஏற்றிவிட்டார்கள். பெரியவர் உயிருக்குப் போராடுகிறார். விசாரணை முடியும்வரை என் மகனும் இரத்தம் எடுத்த நர்ஸும் வேலைக்கு வரக்கூடாது.

"நீ செஞ்சியா?"

"இல்லம்மா."

போதும். சோறு போட்டேன்.

ஜூலை 2, புதன்

முறை இதுதான். நர்ஸ் இரத்தம் எடுப்பாள். இவன் கட்டிலருகே நின்று, நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, எழுதி, குழாயில் ஒட்டுவான். எடுத்த பிறகுதான் ஒட்ட வேண்டும். அந்த நர்ஸ் என்ன சொல்கிறாளாம்? குழாய் அவள் கைக்கு வரும்போதே பெயர் ஒட்டியிருந்ததாம்! வந்து இரண்டு வருடம் ஆகவில்லை, என்ன நாக்கு! என் மகன் விதியை மீறுவானா? வளர்த்தது யார்?

ஜெபம் தந்தியைப் போல இருக்க வேண்டும் என்பார் கான்வென்ட்டில் எங்கள் மதர். ஆகவே சுருக்கமாக: ஆண்டவரே, நீர் நீதியுள்ளவர். நான் சலுகை கேட்கவில்லை, நீதி கேட்கிறேன். பொய் சொன்னது யாரோ, அவரை வெளியே கொண்டு வாரும்.

ஜூலை 6, ஞாயிறு

ஜெபக்குழு ஆறுதல் சொல்ல வந்தது. ஏழு பேர், ஒரு சீப்பு வாழைப்பழம். குழுத் தலைவிக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் ஒலிபெருக்கி. ஆண்டவருக்குக் காது மந்தம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"அக்கா, அவருக்கு ரொம்பப் பிடிச்சவங்களைத்தான் இப்படிச் சோதிப்பாரு" என்றாள்.

அப்படியானால் இவளை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது போலிருக்கிறது. மூன்று மாடி வீடு, நான்கு பேரப்பிள்ளைகள், முட்டிவலிகூடக் கிடையாது.

நான்கு பழத்தை அவர்களே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஜூலை 7, திங்கள்

பெரியவர் கண் திறந்தாராம். சிறுநீரகம் இன்னும் தகராறு செய்கிறது. அவருக்காகவும் ஜெபித்தேன். இரண்டாவதாக.

ஜூலை 14, திங்கள்

பதினான்கு நாள். உலகத்தையே ஆறு நாளில் படைத்து முடித்தவர், ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறார். நான் பள்ளிக்கூடம் நடத்தியிருந்தால் இப்படிப்பட்ட ஊழியருக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்பியிருப்பேன். ஜெபம் என்பது அதுதானோ என்னவோ.

மருமகள் தபால் அலுவலகத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "அத்தை, ஒரு வக்கீலைப் பார்த்தா என்ன?" என்றாள்.

"நமக்கு வக்கீல் மேலே இருக்கார்."

"அவரு ஃபோனையே எடுக்க மாட்டேங்கிறாரே, அத்தை!"

சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். மகன் மட்டும் சிரிக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

மருந்துக்கடை வரிசையில் அந்த நர்ஸ். மெலிந்திருக்கிறாள். நேராக என்னைப் பார்த்து, "அம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பொய் சொல்கிறவள் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டாள் என்பார் மதர். பாவம், மதர் இந்தக் காலத்துப் பெண்களைப் பார்த்ததில்லை.

ஜூலை 25, வெள்ளி

பதில் வந்துவிட்டது! திங்கட்கிழமை கடைசி விசாரணை. பெரிய டாக்டரே மகனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "உங்க சர்வீஸ் என்ன, அந்தப் பொண்ணு சர்வீஸ் என்ன? தைரியமா இருங்க." அவளைத்தான் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். இனி எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம்.

ஒலிபெருக்கிக்கு எப்படித்தான் தெரிந்ததோ, அரைமணி நேரத்தில் ஃபோன். "அக்கா, ஆண்டவர் ஜெயிச்சுட்டாரு! ஞாயித்துக்கிழமை கோவில்ல நீங்க எழுந்து சாட்சி சொல்லணும்."

மகனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டான். சந்தோஷத்தில் பசி அடங்கிவிட்டது போலிருக்கிறது.

ஜூலை 26, சனி

நேற்று சந்தோஷம் என்று எழுதினேனே, எழுபத்தாறு வயதில் இவ்வளவு முட்டாளாக இருக்க முடியுமா? எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

காலையில் சமையலறைக்கு வந்து நின்றான். மருமகள் வேலைக்குப் போய்விட்டாள்.

"அம்மா, அந்தப் பொண்ணு சொன்னது நிஜம்."

எந்தப் பொண்ணு என்று கேட்டேன். தெரியாதது போல.

தினமும் விடியற்காலையில் தன் மேஜையிலேயே, கட்டில் எண்ணைப் பார்த்து, எல்லாக் குழாய்க்கும் பெயர் எழுதி ஒட்டிவிட்டுத்தான் வார்டுக்குப் போவானாம். எத்தனையோ வருடமாக. ஒரு நாளும் தவறியதில்லையாம். இரத்தம் மாறிய நாளுக்கு முந்தின சாயங்காலம் பக்கத்துக் கட்டில்காரர் ஜன்னலோரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார், பெரியவர் இடம் மாறிக்கொடுத்திருக்கிறார். இவன் பெயர் கேட்கவில்லை.

"விதி தெரியாதா உனக்கு?"

"தெரியும்மா. எடுத்தப்புறம் ஒவ்வொண்ணா எழுதுறது எனக்கு அசிங்கமா தெரிஞ்சுது. காலி டப்பாவுல பேரை ஒட்டிட்டுத்தான் சாமானைக் கொட்டணும், அதுதான் ஒழுங்குன்னு நீங்கதானேம்மா சொல்லிக்கொடுத்தீங்க?"

அவன் குற்றம் சாட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. அலமாரியில் பதினோரு டப்பா, பதினொன்றிலும் என் கையெழுத்து. நாலு வயசுல அவன் கையைப் பிடிச்சு எழுத வெச்சேனே — ஐயோ, நான் என்ன செய்வேன்? அந்தப் பொண்ணு நல்லா இருக்கீங்களான்னு கேட்டாளே! முகத்தைத் திருப்பிக்கிட்டு வந்தேனே!

"ஏண்டா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க 'செஞ்சியா'ன்னு கேட்ட மாதிரி இல்லம்மா. 'இல்ல'ன்னு சொல்லுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

ஜூலை 27, ஞாயிறு

கோவிலில் ஒலிபெருக்கி கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லி வைத்தேன். அதுவும் பொய்.

முழங்காலில் நின்று ஆண்டவரிடம் பேரம் பேசினேன். வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன். பெரியவர்தான் பிழைத்துவிட்டாரே என்றேன். அவளுக்கு வயசிருக்கிறதே, வேறு வேலை பார்த்துக்கொள்ளமாட்டாளா என்றேன். இவனுக்கு நாற்பத்தெட்டு என்றேன். இருபத்தைந்து நாள் நீதி, நீதி என்று கத்தியவள் இப்போது சலுகை கேட்கிறேன். அவர் உண்மையுள்ளவர் என்று சின்ன வயதிலிருந்து பாடியிருக்கிறேன். எனக்கு வசதியானவர் என்று எந்தப் பாட்டிலும் இல்லை. இத்தனை நாள் இந்த வித்தியாசம் தெரியாமலே சுருதி சுத்தமாகப் பாடியிருக்கிறேன்.

மத்தியானம் மகனும் மருமகளும் இருக்கும்போது பேசினேன்.

"நாளைக்கு உள்ளதைச் சொல்லிடு."

"வேலை போயிடும்மா."

"போகும்."

மருமகள் எழுந்தே விட்டாள். "அத்தை, கிடைச்ச பதிலை வேண்டாம்னு சொல்றீங்களா? ஆண்டவர்தானே காப்பாத்தினாரு?"

"அது பெரிய டாக்டர் காப்பாத்தினது. பொய் சொன்னவனை வெளியே கொண்டு வான்னு ஆண்டவர்கிட்ட கேட்டேன். கொண்டு வந்துட்டாரு, என் சமையலறைக்கே. இப்பப் போய் நான் வேற ஆளைச் சொன்னேன்னு சொல்ல முடியுமா?"

ஜூலை 28, திங்கள்

போனான். சட்டைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வேலை போனது. கடைசியில் தானே ஒப்புக்கொண்டான் என்பதால் வழக்குக் கிழக்கு என்று போகவில்லை. நர்ஸ் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பெரியவர் கைத்தடியோடு வீட்டுக்குப் போனார். மகன் போய்ப் பார்த்திருக்கிறான். "ஜன்னலை விட்டுக்கொடுத்ததுக்கு இவ்வளவு தண்டனையா தம்பி?" என்றாராம். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லையாம். ஏதாவது திட்டியிருக்கலாம்.

மருமகள் என்னோடு பேசுவதில்லை. அவள் சார்பில் பாத்திரங்கள் பேசுகின்றன. குறை சொல்லவில்லை, ஒரு சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிடுவதை அவள்தானே சமாளிக்கிறாள்.

ஒலிபெருக்கி வந்தாள், இந்த முறை தனியாக, வாழைப்பழம் இல்லாமல். குரலைத் தாழ்த்தி, "ஆண்டவர் இப்படிக் கைவிட்டுட்டாரேக்கா" என்றாள். அவளுக்குத் தாழ்ந்த குரலும் உண்டு என்று இன்றுதான் தெரிந்தது.

"கைவிடல. கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போறாரு. வலிக்குது, அவ்வளவுதான்."

ஆகஸ்ட் 14, வியாழன்

மன்னிப்புக் கடிதம் மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் நடை பிரமாதம். கிழித்துப் போட்டுவிட்டு நர்ஸ் வீட்டுக்கு நடந்தே போனேன். ஒரே அறை, மாடிப்படிக்குக் கீழே. உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்தாள்.

"உன் மேலே அபாண்டமா நினைச்சேன். அதை ஆண்டவர்கிட்டயும் சொன்னேன்" என்றேன்.

"பரவாயில்லம்மா. விசாரணையில எவ்வளவோ கேட்டாங்க, அழல. அன்னைக்கு மருந்துக்கடையில நீங்க பேசாம போனதுக்குத்தான் வீட்டுக்கு வந்து அழுதேன்."

என்ன சொல்வது என்று மதர் சொல்லித் தரவில்லை. தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மணி எட்டரை. மகன் எழுந்திருக்கவில்லை. இந்த வீட்டில் காய்ச்சல் வந்தவர்கள்கூட ஆறரைக்கு மேல் தூங்கியதில்லை. கதவருகே போய் நின்றேன். வாய் திறந்து, குறட்டை விட்டு, சின்னப் பையன் மாதிரி.

பின்னாலிருந்து மருமகள், "ரெண்டு மாசமா புரண்டு புரண்டுதான் படுப்பாரு, அத்தை. இப்பத்தான்..." என்றாள். நான்கு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு. "கோவிலுக்கு நேரமாச்சே. எழுப்பட்டுமா?"

"வேண்டாம். தூங்கட்டும்."

எனக்கு ஏதோ உடம்புக்கு வந்துவிட்டது என்பது போல என்னைப் பார்த்தாள்.

நாங்கள் இருவரும் கிளம்பினோம். வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி திறந்து, இன்னும் மெதுவாகச் சாத்தினேன்.